நீர்ப்பையில் ரத்தக்குழாய்க் கட்டி: ஸ்கேன் எதுவரை சொல்லும்?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு 31 வயது, டிராக்டர் ஓட்டுகிறவர். குறுவை உழவு மும்முரமாக நடந்த நேரத்தில் ஒரு நாள் சிறுநீர் ரத்தமாகப் போயிருக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. "சூடுடா, எளநி குடி" என்று வீட்டில் சொல்ல, இரண்டு நாளில் தானாக நின்றுவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்ததும் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். சிறுநீர்ப்பையின் இடது பக்கச் சுவரில் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி, உள்ளே ரத்த ஓட்டம் தெரிகிறது, ஹீமாஞ்சியோமாவாக (ரத்தக்குழாய்க் கட்டியாக) இருக்கலாம், சிஸ்டோஸ்கோபி (உள்ளே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்கவும் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தம்பியின் கேள்வி இதுதான்: "ஸ்கேனிலேயே சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி என்று வந்துவிட்டதே, இதற்கு மேல் எதற்கு உள்ளே டியூப் விட்டுப் பார்க்க வேண்டும்? ஸ்கேனை நம்பலாமா, கூடாதா?"

கும்பகோணத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்கேன் பார்க்கிறவன் நான். நேராகச் சொல்லிவிடுகிறேன் தம்பி. ஸ்கேனை நம்பலாம், அது என்ன சொல்லியிருக்கிறதோ அந்த அளவுக்கு நம்பலாம். ரிப்போர்ட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "கேன்சர் இல்லை" என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. இங்கே ஒரு கட்டி இருக்கிறது, அதில் ரத்தம் நிறைய இருக்கிறது, உள்ளே கருவி விடப்போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்த மூன்றாவது விஷயம்தான் ஸ்கேன் செய்கிற பெரிய உதவி. அதை எழுதிக் கொடுத்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

முதலில் இந்தச் சூடு விவகாரம். நம் பக்கம் மே மாசத்து வெயிலில் வயலில் நின்றால் நீர்க்கடுப்பு வரும், உண்மை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் மஞ்சளாகும், எரியும். இளநீரும் நீர்மோரும் குடித்தால் சரியாகிவிடும். ஆனால் சூட்டினால் மட்டும் சிறுநீர் ரத்தமாகப் போகாது. பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டாலும் சிறுநீர் சிவக்கும். அது ரத்தம் இல்லை, சாதாரண யூரின் டெஸ்ட்டிலேயே தெரிந்துவிடும். வலியே இல்லாமல் ரத்தம் போவதைத்தான் டாக்டர்கள் அதிகம் பயந்து பார்க்கிறார்கள். கல் என்றால் வலிக்கும், கிருமி என்றால் எரியும். கட்டி என்றால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ரத்தம் வரும், நிற்கும், பல வாரம் எதுவும் இருக்காது, மறுபடி வரும். நின்றுவிட்டதே என்று இருந்துவிடுகிறவர்களை நான் வருஷம் தவறாமல் பார்க்கிறேன். உங்கள் அண்ணன் இரண்டாவது தடவையிலாவது வந்தாரே, அது நல்லது.

சரி, ஹீமாஞ்சியோமா என்றால் என்ன? ரத்தக்குழாய்களே கூடிப் பின்னி ஒரு கட்டியாக நிற்பது. குழந்தைகளின் தோலில் செக்கச்செவேலென்று புடைத்திருக்குமே, அந்த வகைதான். கல்லீரலில் இது சர்வ சாதாரணம். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்க வருகிறவர்களிடம் அடிக்கடி தற்செயலாகப் பார்க்கிறோம். சிறுநீர்ப்பையில் மட்டும் மிக அபூர்வம். சிறுநீர்ப்பையில் வரும் மொத்தக் கட்டிகளில் சுமார் 0.6 சதவீதம் என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அவற்றிலும் பெரும்பாலானவை உள்ளே அகன்ற ரத்த அறைகளோடு, தேன்கூடு போல இருக்கும் வகை. இது மற்ற உறுப்புகளுக்குப் பரவாத கட்டி. ஆனால் ரத்தம் கசியும், சில சமயம் கொட்டும்.

"சின்ன வயசுதானே, அதனால் கேன்சராக இருக்காது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் புகைபிடிக்கிறவர்களுக்கு வருவது. ஆனால் இளம் வயதில் வராது என்றில்லை. ஹீமாஞ்சியோமாவும் இளைஞர்களுக்கு மட்டும் வருவது என்றில்லை. 1999-ல் அமெரிக்காவிலிருந்து 19 பேரைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. அதில் நோயாளிகளின் சராசரி வயது 58. கட்டிகள் பெரும்பாலும் 1 செ.மீ.க்கும் சிறியவை. அண்ணன் பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் அதை யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது ஸ்கேன் அறைக்குள் வருவோம். "தண்ணி குடிச்சிட்டு வெளியில உக்காருங்க, முட்டும்போது சொல்லுங்க" என்று நாங்கள் சொல்வது பலருக்கு எரிச்சல். ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாதியிலேயே வந்து படுப்பவர்களும் உண்டு. பை நன்றாக நிறைந்தால்தான் சுவர் விரிந்து மெல்லிசாகத் தெரியும். நிறைந்த பையின் சுவர் 3 மி.மீ.க்குள்தான் இருக்கும். பாதி நிறைந்த பையில் சுவர் மடிந்து கிடக்கும், அந்த மடிப்பே கட்டி மாதிரி காட்டும். சின்னக் கட்டியாக இருந்தால் மடிப்புக்குள் ஒளிந்தும்கொள்ளும். அதனால் அந்தக் காத்திருப்பைத் தயவுசெய்து வீண் என்று நினைக்காதீர்கள்.

ஜெல் தடவி அடிவயிற்றில் புரோபை வைத்ததும், சிறுநீர் நிறைந்த பை திரையில் கன்னங்கரேலென்று தெரியும். அந்தக் கருப்புக்குள் சுவரிலிருந்து வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால், நான் முதலில் செய்வது ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பொத்தானை அழுத்துவது இல்லை. "ஒருக்களிச்சுப் படுங்க" என்பேன். ரத்தம் போனவர்களின் பையில் உறைந்த ரத்தக்கட்டி கிடக்கும். பார்க்க அசல் கட்டி போலவே இருக்கும். புரண்டு படுத்தால் அது தயிர்க்கட்டி மாதிரி மெதுவாக நழுவி, தாழ்வான பக்கம் போய்ச் சேரும். சுவரில் முளைத்தது நகராது. இந்தப் புரட்டலுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது, ஆனால் இதைச் செய்யாமல் விட்டதால் வீடே அழுது தீர்த்த கதைகள் உண்டு. சில சமயம் உறைந்த ரத்தம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகராமலும் இருக்கும். அப்போது ஒரு வாரம் கழித்து மறுபடி வரச்சொல்லிப் பார்ப்போம்.

நகரவில்லை என்றால் அடுத்து சாம்பல் நிறப் படத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹீமாஞ்சியோமா பெரும்பாலும் கொஞ்சம் வெளுப்பாக, உள்ளே சின்னச் சின்னக் கருப்பு ஓட்டைகளோடு இருக்கும். சிலவற்றில் மிளகு போல உருண்டையான சுண்ணாம்புப் புள்ளி இருக்கும். தேங்கிய ரத்தம் உறைந்து கல்லாகிப்போனது அது. கட்டி சுவரின் உள்தோலில் மட்டும் நிற்கிறதா, சுவரின் தசைக்குள் இறங்கியிருக்கிறதா, சுவரைத் தாண்டி வெளிப்பக்கமும் புடைக்கிறதா என்பதை இங்கேதான் கவனித்து எழுத வேண்டும். இதன் அருமை கொஞ்சம் கீழே புரியும்.

அப்புறம்தான் டாப்ளர். நகர்கிற பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வு மாறும் என்று 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் நட்சத்திரங்களின் நிறத்தை வைத்துச் சொன்ன தத்துவம், இன்று ரத்தம் ஓடுவதை எங்களுக்குச் சிவப்பும் நீலமுமாகக் காட்டுகிறது. இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வெண்ணாற்றில் தண்ணீர் போகிற வேகம் வேறு, கிளை வாய்க்காலில் வேறு, மடை திறந்து வயலுக்குள் பரவிய பிறகு வேறு. வயலில் தண்ணீர் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். ஹீமாஞ்சியோமாவின் அறைகளுக்குள் ரத்தம் அந்த மாதிரிதான் ஊர்கிறது. மெஷினை ஆற்று வேகத்துக்கு வைத்துவிட்டுப் பார்த்தால் கட்டிக்குள் ஒரு நிறமும் வராது. "ரத்த ஓட்டம் இல்லை" என்று எழுதிவிடுவோம். வேக அளவைக் குறைக்க வேண்டும், மெதுவான ஓட்டத்தை வெட்டித்தள்ளும் வடிகட்டியையும் குறைக்க வேண்டும், மெதுவான ஓட்டத்தையும் பிடிக்கும் பவர் டாப்ளருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். புரோபால் வயிற்றை மெதுவாக அழுத்தி விட்டால், சில சமயம் ஒரே ஒரு நொடி நிறம் பளிச்சென்று நிறைந்து வடியும். அதைப் பார்க்கக் கை ஆடாமல் காத்திருக்கத் தெரிய வேண்டும். கை ஆடினாலும் நிறம் வரும், சுண்ணாம்புப் புள்ளி இருந்தாலும் பொய்யாக நிறம் மினுங்கும். அதனால் நிறத்தைப் பார்த்ததும் நம்பாமல், அலை வரைபடத்தையும் எடுத்து உண்மையான ஓட்டம்தானா என்று உறுதி செய்வோம்.

இவ்வளவு செய்து ரத்த ஓட்டத்தைப் பிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது ஹீமாஞ்சியோமா என்று நிரூபணம் ஆகிவிட்டதா? இல்லை. புற்றுக்கட்டிக்கும் தீனி ரத்தம்தானே. பூக்கோசு போல வளரும் சிறுநீர்ப்பைப் புற்றிலும் காம்பு வழியாக ரத்தம் ஏறுவது டாப்ளரில் அழகாகவே தெரியும். ஓட்டம் தெரிவது இரண்டுக்கும் பொது. உள்ளே கருப்பு அறைகள், மெதுவான ஓட்டம், உருண்டைச் சுண்ணாம்புப் புள்ளி, தசைக்குள் இறங்கிய வேர் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் சந்தேகம் ரத்தக்குழாய்க் கட்டியின் பக்கம் சாயும். சாய்வதோடு சரி. தீர்ப்பு எழுதும் வேலை ஸ்கேனுடையது இல்லை. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: 5 மி.மீ.க்குக் குறைந்த கட்டிகளும், சுவரோடு படிந்து தட்டையாகப் பரவும் புற்றும் ஸ்கேனில் தப்பிவிடும். முன்சுவர் எங்களுக்கு எப்போதுமே தகராறுதான், அங்கே பொய்யான எதிரொலிகள் படத்தை மறைக்கும். ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்று வந்தாலும், ரத்தம் போனது உண்மையானால் சிஸ்டோஸ்கோபியைத் தள்ளிப்போட டாக்டர் சம்மதிக்க மாட்டார்.

ஏன் ஸ்கேனில் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் இந்த வேலைக்கு வந்து இரண்டாவது வருஷம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், இதே புகார். வெளியே கர்ப்பிணிகள் வரிசை. பின்சுவரில் கட்டி என்று அளவு மட்டும் போட்டு எழுதிக் கொடுத்தேன். டாப்ளர் வசதி அந்த மெஷினிலேயே இருந்தது, நான் போட்டுப் பார்க்கவில்லை. வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில், அதைச் சாதாரணக் கட்டி என்று நினைத்துச் சதை கிள்ளி எடுத்திருக்கிறார்கள். ரத்தம் பீறிட்டு உள்ளே ஒன்றும் தெரியாமல் போய், உறைந்த கட்டிகளைக் கழுவிக் கழுவி எடுத்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, விடிய விடியப் போராடிக் காப்பாற்றினார்கள். சதைப் பரிசோதனையில் ஹீமாஞ்சியோமா என்று வந்தது. அந்தப் பெண்ணின் அப்பா பிறகு என்னிடம் கோபப்படக்கூட இல்லை, இனிப்போடு வந்து நன்றி சொன்னார். "ரத்த ஓட்டம் மிகுதி, கவனம்" என்று நான் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி இன்னும் என்னை உறுத்துகிறது. அன்றிலிருந்து நீர்ப்பைக் கட்டி என்றால் வரிசை எவ்வளவு நீளமானாலும் டாப்ளர் போடாமல் நான் எழுந்திருப்பதில்லை.

உங்கள் அண்ணனுக்கு அந்த வரியை எழுதிவிட்டார்கள். இனி சிஸ்டோஸ்கோபி செய்கிறவர் தயாராகப் போவார். மூத்திரத் துவாரம் வழியாக மெல்லிய கேமரா போகும், மரத்துப்போக ஜெல் அல்லது முதுகில் ஊசி போடுவார்கள். ஹீமாஞ்சியோமா என்றால் நாவல்பழக் குலை போலக் கருநீலமாக, காம்பில்லாமல் சுவரோடு அமர்ந்து, பல முண்டுகளாகத் தெரியும். அதைப் பலமுறை பார்த்த கண் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் கேமராவுக்கு மேற்பரப்பு மட்டும்தான் தெரியும். உள்ளே பார்ப்பது தண்ணீருக்கு மேல் நீட்டிய தலையை மட்டும் பார்ப்பது மாதிரி. இந்தக் கட்டியின் உடம்பு தசைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும்தான் சொல்லும். மேலே நான் சுவரின் ஆழத்தை எழுத வேண்டும் என்றேனே, அது இதற்காக. சிறியதாக, மேலோட்டமாக இருந்தால் அதே வழியில் கருவி விட்டுச் சுரண்டியெடுத்துக் கரித்துவிடலாம், லேசரும் உண்டு. தசையைத் தாண்டிப் போயிருந்தால் அப்படிக் கை வைப்பது ஆபத்து. பையின் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தைப்பதே நல்லது. 2 செ.மீ. என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆழம் தெளிவாக எழுதப்படவில்லை என்றால், சிஸ்டோஸ்கோபிக்கு முன்பே ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எந்த வழியில் எடுத்தாலும் எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் ஹீமாஞ்சியோமா என்று உறுதியாகச் சொல்ல முடியும். ரத்தக்குழாயிலிருந்தே கிளம்பும் புற்றும் அபூர்வமாக உண்டு, அதைப் படம் வைத்துப் பிரிக்க முடியாது.

இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள். இவற்றை யாரும் கேட்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்றுக்குப் போகும்போதோ போன உடனேயோ அண்ணனுக்குத் தலை வெடிப்பது போல வலி, நெஞ்சு படபடப்பு, குப்பென்று வியர்வை வருகிறதா? சின்ன வயதிலேயே பி.பி. இருக்கிறதா? ஆமாம் என்றால் அந்தக் கட்டி பாராகாங்கிலியோமா என்ற வேறு வகையாக இருக்கலாம். டாப்ளரில் அதுவும் ரத்தம் நிறைந்ததாகத்தான் தெரியும். ஆனால் அது பி.பி.யை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி. பை சுருங்கி அதை அழுத்தும்போது ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது, அதனால்தான் அந்தப் படபடப்பு. தெரியாமல் அதைத் தொட்டால் ஆபரேஷன் மேஜையிலேயே பி.பி. எகிறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ அந்த ஹார்மோனின் எச்சத்தை அளக்கும் மெட்டாநெஃப்ரின் டெஸ்ட் செய்து, மாத்திரை கொடுத்துப் பி.பி.யைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கை வைப்பார்கள். இந்தக் கேள்விகளை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்கு என்றால், ரத்தம் போவது மாதவிலக்கோடு சேர்ந்து வருகிறதா என்று கேட்போம். கருப்பை உள்தோல் நீர்ப்பைச் சுவரில் வளர்ந்தாலும் கேமராவில் நீலமாகத்தான் தெரியும்.

அண்ணனின் கால்களையும் ஒருமுறை பாருங்கள். பிறவியிலிருந்தே ஒரு கால் மற்றதைவிடப் பருமனாக, நீளமாக இருக்கிறதா? நாவல்பழச் சாறு சிந்தியது போல் தோலில் படர்ந்த மச்சம், புடைத்த நரம்புகள்? 1900-ல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிவைத்த கிளிப்பெல்-ட்ரெனானே என்ற பிறவிக் குறைபாடு அது. அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தக்குழாய்க் கட்டி நீர்ப்பையிலும் குடலிலும் சேர்ந்து இருக்கக்கூடும். வேட்டி கட்டிப் படுத்திருப்பவரின் காலை ஸ்கேன் அறையில் யாரும் பார்ப்பதில்லை. நான் இப்போதெல்லாம் விலக்கிப் பார்த்துவிடுகிறேன்.

யூராலஜி பிரிவு உள்ள இடத்துக்கே போங்கள். உங்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், நிறத்தோடு எடுத்த டாப்ளர் படங்களையும் கொண்டு போக வேண்டும். கருப்பு வெள்ளைத் தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தால், ஸ்கேன் சென்டரில் கேட்டு வண்ணப் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். நாட்டு மருந்தானாலும் சரி, சொல்லிவிடுங்கள். தேதி கிடைக்கும்வரை கரடுமுரடான வயலில் டிராக்டர் ஓட்டுவதை நிறுத்தி வைக்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

இடையில் ரத்தம் கட்டி கட்டியாகப் போய், வயிறு முட்டியும் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணி என்றாலும் 108-ஐக் கூப்பிட்டு, அவசரப் பிரிவில் இறங்கியதும் "நீர்ப்பையில் ரத்தக்குழாய்க் கட்டி என்று ஸ்கேனில் சந்தேகம் சொல்லியிருக்கிறார்கள்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள், தம்பி.